ஆடுவது முன்னே, நோய் பின்னே

வல்லைவெளியை அறியாத வடமராட்சியார் இலர். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதி ஆவரங்காலைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் மரமும் மதிலும் வேலியும் ஒருங்கே மறைந்துவிடுகின்றன. இருமருங்கும் வெட்டவெளி. சோளகம் வீசும் மாதங்களில் அவ்விடத்திற் சைக்கிள் மிதித்துச் செல்வோர் காற்றின்மேற் சாய்ந்துகொண்டே செல்வதைக் காணலாம். காற்று ஒரு கணம் ஓய்ந்தாற் சைக்கிளும் ஒரு கணம் தடுமாறும்.

எமது நெடுங்கால நண்பர் ஒருவர், இளைப்பாறிய கணித ஆசிரியர், நெல்லியடிப் பக்கத்தில் வசிப்பவர். உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயிலும் தம் பேர்த்தியைச் சனிக்கிழமைதோறும் மோட்டார்ச் சைக்கிளில் ஏற்றி யாழ்ப்பாண நகருக்கு வகுப்புக்குக் கொண்டுசெல்வது அவர் வழக்கம். வண்டி 1970களில் யப்பானிற் செய்யப்பட்ட இரட்டைச் சிலிண்டர் வண்டி. ஒரு சனிக்கிழமை காலை வல்லைவெளியில் வேகமானி அறுபதைத் தொட்டபோது வண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கிற்று. அவர் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினார். பேர்த்தி ஒன்றும் பேசவில்லை. ஆனால், அவள் பாட்டனாரின் சட்டையைப் பற்றிய பற்றிலே பொத்தான் ஒன்று அறுந்து போயிருந்தது. இருவரும் இதனை வீட்டிற் சொல்வதில்லை என்று உடன்பட்டனர். அன்று மாலையே பாட்டியார் பொத்தானைக் குறித்து வினவினார். உடன்படிக்கை அம்மட்டில் முடிந்தது.

நண்பர் வாளாவிருக்கவில்லை. வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுசென்றார். அங்கே கழுத்துக் குண்டுகளையும் கோப்பைகளையும் மாற்றிப் பெருந்தொகை வாங்கினார்கள். நெளிவு தீரவில்லை, மேலும், முன்னர் இல்லாத ஒரு குறையாக, மெதுவாகச் செல்லும்போதும் வண்டி நேரே செல்ல மறுத்தது. இரண்டாம் பட்டறையார், கைபிடியின் ஆட்டத்தை அடக்கும் கருவி ஒன்று பூட்டினாற் சரியாகும் என்றார். மூன்றாமவர் வண்டியை விற்றுவிடும்படி ஆலோசனை கூறினார். நான்காவதாக எம்மிடம் வந்தார்.

“கைபிடிதானே ஆடுகிறது? அப்படியென்றாற் பிழை முன்னுக்குத்தானே இருக்க வேணும்?” என்றார்.

கணித ஆசிரியர் ஒருவரிடமிருந்து இக்கேள்வி வந்ததில் எமக்கு வியப்பில்லை. செலுத்துபவனின் கைகள் இருப்பது கைபிடியில். வண்டியின் எந்த மூலையிற் பிழை நேர்ந்தாலும் அச்செய்தி அவனுக்கு அக்கைபிடி வழியாகவே வருகின்றது. தபாற்காரன் கொண்டுவந்த கடிதத்தைத் தபாற்காரனே எழுதினான் என்று எவரும் கொள்வதில்லை. மோட்டார்ச் சைக்கிள் விடயத்தில் மட்டும் எல்லாரும் அப்படியே கொள்கின்றனர். கொண்டு, கழுத்தைக் கழற்றுகின்றனர்.

ஆகவே ஸ்பனரைத் தொடுமுன் சில வினாக்களைக் கேட்டோம். எந்த வேகத்தில் ஆடுகிறது? தனியே செல்லும்போதா, ஆளை ஏற்றியபோதா? நேர் வீதியிலா, வளைவிலா? ஆட்டம் மெதுவானதா, படபடவென்று விரைவானதா? கடைசியாக வண்டியில் என்ன மாற்றம் செய்தீர்கள்? தனியே செல்லும்போது பெரும்பாலும் ஆடுவதில்லை; பேர்த்தி ஏறினால் ஆடும்; நெளிவு மெதுவானது; வளைவுகளில் வண்டியின் நடுவிலே பிணைச்சல் ஒன்று வைத்தாற்போல் இருக்கும் என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எமது ஐயம் ஓரிடத்தைச் சென்று பற்றிக்கொண்டது. எனினும் அதனை அவரிடம் சொல்லவில்லை. ஐயத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பின்னர் பார்ப்பதெல்லாம் அவ்வையத்துக்குச் சாட்சியாகவே தோன்றும்.

வண்டியின் ஆட்டம் எல்லாம் ஒன்றல்ல என்பதை வாசகர்கள் முதலில் அறிதல் வேண்டும். ஷார்ப் என்னும் பிரித்தானிய ஆய்வாளர் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், மோட்டார்ச் சைக்கிளின் இயக்கத்தைச் சமன்பாடுகளாக எழுதி, அது நிலைகுலையும் வகைகளைப் பிரித்துக் காட்டினார். அவற்றுள் இரண்டு எமக்கு வேண்டியவை. ஒன்று நடுக்கம்: முன்சில்லும் கைபிடியும் மட்டும் ஒரு செக்கனுக்கு ஆறு முதற் பத்துத் தடவை வரை படபடவென்று அடிக்கும், எண்ண முடியாது. மற்றது நெளிவு: முன்பகுதியும் பின்பகுதியும் ஒன்றுக்கொன்று மாறாக, வண்டி முழுவதுமே செக்கனுக்கு இரண்டு மூன்று தடவை வளைந்து வளைந்து செல்லும்; இதனை வாயால் எண்ணிவிடலாம். நடுக்கமாயின் முன்ரயர், முன்சில்லு, கழுத்து ஆகியவற்றை முதலில் ஐயுறலாம். நெளிவாயின் பின்பகுதியையும், ஏற்றிய சுமையையும் ஐயுறுவதே முறை. எண்ணக்கூடியதா, எண்ண முடியாததா என்ற இந்த ஒரு வினாவே பாதி வேலையை முடித்துவிடும். நண்பருடையது எண்ணக்கூடியது.

இவ்விடத்தில் மாணவர்களுக்காக ஒரு சொல். வண்டி எவ்வாறு நேரே செல்கிறது? கழுத்துத் தண்டின் சாய்வை ஒரு கோடாக நிலம்வரை நீட்டிப் பாருங்கள். அக்கோடு நிலத்தைத் தொடும் இடத்துக்குப் பின்னாலேயே முன்ரயர் நிலத்தைத் தொடும். இடைவெளி பெரும்பாலான மோட்டார்ச் சைக்கிள்களில் ஏறத்தாழ எட்டுப் பத்துச் சென்றிமீற்றர். வைத்தியசாலைத் தள்ளுவண்டியின் சிறு சில்லுகள், தள்ளும் திசைக்குத் தாமாகவே திரும்பிப் பின்னே இழுபட்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவந்தான். சுழலும் சில்லின் கிறுகிறுப்பு விசையே சைக்கிளை நிமிர்த்தி வைத்திருக்கிறது என்று பலரும் நம்பியிருந்தனர். டேவிட் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேயர், எவரும் ஏறிச் செலுத்த முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்தே தீருவதென்று முனைந்து, 1970இல் அம்முயற்சியைக் கட்டுரையாக வெளியிட்டார். எதிர்த்திசையிற் சுழலும் இன்னொரு சில்லைப் பூட்டிக் கிறுகிறுப்பு விசையை அழித்த பின்னரும் அவராற் சைக்கிளைச் செலுத்த முடிந்தது. ஆனால், முன்சில்லை முன்னே தள்ளி அந்தப் பின்னிழுப்பை இல்லாமற் செய்தபோது சைக்கிளை அடக்குவது மிகக் கடினமாயிற்று.

தள்ளுவண்டியின் சிறு சில்லு சில வேளைகளில் வெறிபிடித்தாற்போற் படபடக்குமே, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். தன்னை நேராக்கிக்கொள்ளும் பொருள், நேர்நிலையைத் தாண்டிச் சென்று மீண்டும் திரும்பும், ஊஞ்சலைப் போல. நல்ல வண்டியில் அவ்வாட்டம் ஒன்றிரண்டு முறையில் அடங்கிவிடும். தேய்ந்த வண்டியில் அடங்காது. சுமையும் காற்றும் சேர்ந்தால் வளரும்.

அடுத்த சனிக்கிழமை பேர்த்தியைப் பேருந்திலே அனுப்பிவிட்டு, நண்பரின் முற்றத்து மாமர நிழலில் வேலையைத் தொடங்கினோம். செலவில்லாததை முதலிற் பார்ப்பது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்பவை எமது விதிகள். முதற் பட்டறையார் இவ்விரண்டையும் மீறியிருந்தனர்.

முதலிற் காற்று. ஆள் ஏறினாற் பின்ரயருக்குச் சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் காற்று வேண்டும் என்று வண்டியின் கைநூல் கூறியது. எமது அளவி 19 காட்டியது. நண்பர் நாணினார். “கையால் அமத்திப் பாத்தேன், கல்லுப்போலத்தானே இருந்தது” என்றார். கைப்பெருவிரலை நம்பிக் காற்றடிப்போர் நம்மிடையே பலர். பெருவிரலுக்கு 19க்கும் 32க்கும் வேறுபாடு தெரியாது. காற்றை, ரயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அளக்க வேண்டும். ஓடிச் சூடேறியபின் அளந்தாற் பொய் சொல்லும்.

காற்றடித்துவிட்டு உடனே ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? ஆளை ஏற்றினாலன்றி நோய் தோன்றாது. ஆகவே பின்னாசனத்தில் நாமே தலைக்கவசத்துடன் ஏறினோம். எமது நிறை பேர்த்தியின் நிறையைவிடச் சற்று அதிகம். நண்பர் ‘சற்று’ என்னும் சொல்லை ஒப்புக்கொள்ளவில்லை. ஆளரவமற்ற வீதியில் நாற்பத்தைந்துக்கு மேற் போவதில்லை என்று பேசிக்கொண்டு புறப்பட்டோம். நெளிவு குறைந்திருந்தது. ஆயினும் இருந்தது. காற்றுக் குறைவு நோயைப் பெருக்கிற்று, பிறப்பித்தது அதுவன்று.

பின்னர் ரயரைப் பார்த்தோம். பழைய ரயரின் பூ இன்னும் ஆழமாக இருப்பதைக் கண்டு பலர் மயங்குவர். ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. 3419 என்றால் 2019ஆம் ஆண்டின் முப்பத்து நான்காம் வாரம். ஓடாமல் நின்ற ரயரும் முதுமையடைந்து இறுகும். ஓடிய ரயர், நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகும். தட்டையான ரயர் வளைவிற் சரியும்போது விளிம்பிலே தடுக்கிச் சரியும். விளிம்பையொட்டி ரயரைச் சுற்றி ஓடும் மெல்லிய வரி, சில்லு விளிம்பிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் இருக்கின்றதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையேல் ரயர் கோணலாக அமர்ந்திருக்கின்றது. நண்பரின் ரயர்கள் இச்சோதனைகளில் தேறின.

சில்லைத் தூக்கிச் சுற்றவிட்டு, முன்கவையிற் கட்டிய கம்பி முனையை விளிம்புக்கு அருகே வைத்துப் பார்த்தாற் கோணல் தெரியும். 2 மில்லிமீற்றருக்கு மேல் விலகினாற் கம்பிகளை இறுக்கித் திருத்த வேண்டும். கம்பிகளை ஸ்பனராற் தட்டிக்கொண்டே போங்கள். இறுகிய கம்பி ‘ணங்’ என்னும். தளர்ந்தது ‘டொக்’ என்னும். சில்லின் மேலும் கீழும் பிடித்து அசைத்தாற் பெயரிங்கின் தேய்வு கையிலே தெரியும். இவை யாவும் நன்றாகவே இருந்தன.

கழுத்தைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நம் பட்டறைகளிற் செய்யப்படும் பிழைகளில் இது தலையாயது. முன்சில்லை நிலத்திலிருந்து தூக்கி வைத்துவிட்டுக் கைபிடியை மெல்ல இருபுறமும் திருப்ப வேண்டும். நடுவிலே ஒரு பள்ளத்தில் விழுந்தாற்போல் ‘டக்’கென்று பிடித்தால், குண்டுகள் கோப்பையிற் குழி பறித்துவிட்டன. முன்கவையின் கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரியுமாயின், கழுத்து தளர்ந்துவிட்டது. இவ்விரண்டையும் எல்லாரும் அறிவர். மூன்றாவதைத்தான் மறந்துவிடுகின்றனர். நடுவிலே நிறுத்திய கைபிடியை ஒரு விரலாற் தொட்டால், அது தானாகவே ஒரு புறம் விழ வேண்டும். விழாமல் நின்றாற் கழுத்து அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கின்றது. இரு சில்லு வண்டி நேரே செல்வது, கைபிடி ஓயாமற் சிறிது சிறிதாகத் திரும்பித் தன் சரிவைத் தானே திருத்திக்கொள்வதனாலேதான். கழுத்தை நெரித்தால் அத்திருத்தம் நின்றுபோகும். வண்டி குடித்தவன்போல் அங்குமிங்கும் தள்ளாடும். நண்பரின் கைபிடி விழவில்லை. வைத்த இடத்திலேயே நின்றது. ஆட்டத்தை நிறுத்துகிறோம் என்று கருதிக் கழுத்து நட்டை இறுக்கிய கைதான், மெதுவான வேகத்திலும் வண்டி தள்ளாடும் புதிய நோயைத் தந்தது. அதனை அளவோடு தளர்த்தினோம். மீண்டும் ஓட்டம். தள்ளாட்டம் நீங்கிற்று, நெளிவு நீங்கவில்லை.

இனி, இரு சில்லுகளும் ஒரே கோட்டில் உள்ளனவா என்று பார்ப்பது. பின்கவையில் அச்சாணி அருகே பொறித்திருக்கும் கோடுகளை நாம் நம்புவதில்லை. நீண்ட நூலைப் பின்ரயரின் இருமருங்கும் தொடும்படி சுற்றி, முன்சில்லுவரை இழுத்துப் பிடித்தோம். முன்ரயர் ஒடுங்கியதாகையால் இருபுறமும் சிறு இடைவெளி தோன்றும். அவை சமமாயிருத்தல் வேண்டும். சமமாகவே இருந்தன. நண்பர் அளவுகோலால் அளந்து குறித்துக்கொண்டார். பின்னர் ஏதோ எண்ணி, “இன்னொருக்கா அளப்பம்” என்றார். பழைய ஆசிரியர், விடையைச் சரிபார்க்காமல் விடமாட்டார். இதற்கிடையில், தடையாயிருந்த ஒரு கல்லை அகற்றுவதற்காக நாம் பின்சில்லைக் காலாற் சிறிது தள்ளியிருந்தோம். இரண்டாம் முறை அளந்தபோது ஒரு பக்கம் ஆறு மில்லிமீற்றர் அதிகம்.

நண்பருக்கு முகம் சுருங்கிற்று. நாற்பதாண்டு கணிதம் கற்பித்தவர் ஒரு நூலையும் அளவுகோலையும் வைத்துக்கொண்டு இரண்டு விடை பெற்றுவிட்டார். மூன்றாம் முறை அளந்தார். மூன்றாவது விடை வந்தது. “நான் பிழையா அளக்கிறனோ?” என்றார்.

பிழையாக அளக்கவில்லை. சில்லுக்கே நிலையான இடம் இல்லை.

பின்சில்லைத் தாங்கி மேலும் கீழும் அசையும் இரும்புக் கவையைப் பட்டறையார் ‘சுவிங் ஆம்’ என்பர். சட்டகத்தோடு அது பிணையும் இடத்தில் ஒரு நீண்ட ஊசியும், அதன் இரு முனைகளிலும் புஷ்களும் இருக்கும். வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, ஒரு கையாற் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையாற் பின்சில்லின் விளிம்பைப் பக்கவாட்டில் தள்ளினோம். நண்பர் பிணைப்பின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். கவை அவர் விரலின் கீழ் அசைந்தது. அவர் நெடுநேரம் விரலை எடுக்கவில்லை.

புஷ் தேய்வது எத்தனை சிறிய அளவு! அது எவ்வளவு பெரிதாகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரு புஷ்களுக்கும் இடையே 20 சென்றிமீற்றர் என்க. ஒரு முனை மற்றதைவிட 1 மில்லிமீற்றர் முன்னே நகர இடமிருந்தால், கவை ஏறத்தாழ கால் பாகைக்குச் சற்று மேலாகத் திரும்பும். பிணைப்பிலிருந்து சில்லின் பின்விளிம்புவரை 73 சென்றிமீற்றர் எனில், அவ்விளிம்பு மூன்றரை மில்லிமீற்றருக்கு மேல் விலகும். சில்லு அத்துடன் சரியவும் செய்யும். பின்சில்லு திரும்புவதென்றால் வண்டியைப் பின்னிருந்து இன்னொருவர் திருப்புவதுபோலத்தான். முன்னிருப்பவர் அதனைத் திருத்தக் கைபிடியைத் திருப்புவார். அதற்குள் பின்சில்லு மறுபுறம் போய்விடும். ஆள் ஏறினாற் பின்னே பாரம் கூடுகிறது; முன்சில்லு இலேசாகிறது; காற்றும் பக்கத்திலிருந்து தள்ளுகிறது. வல்லைவெளி பொத்தானைப் பறித்த வரலாறு இதுவே.

இது இன்று நேற்றுக் கண்டறிந்த உண்மையன்று. பெல்பாஸ்ற் நகரத்து மக்கண்ட்லஸ் சகோதரர் வகுத்த சட்டகத்தை நோர்ட்டன் நிறுவனத்தார் 1950இல் தம் பந்தய வண்டிகளுக்குப் பூட்டினர். அவ்வாண்டிலேயே ஜெவ் டியூக் அதிற் சவாரிசெய்து மான் தீவின் சீனியர் பந்தயத்தை வென்றார். ‘இறகு மெத்தை’ என்ற பெயர் பெற்ற அச்சட்டகத்தின் பெருமைக்கு, அதன் உறுதியும் பின்கவையின் திருத்தமான பிணைப்பும் பெருங்காரணம். பின்னர் அதே நிறுவனத்தார் 1967இற் காட்சிக்கு வைத்த கொமாண்டோ வண்டியில், அதிர்வு தெரியாதிருக்க எஞ்சினையும் பின்கவையையும் ஒன்றாகச் சேர்த்து றப்பர்மேல் ஏற்றினர். பக்கவாட்டு இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்திற் பத்துப் பங்காக வைக்கப்பட வேண்டும். அதற்கென மெல்லிய தகடுகள் உண்டு. தேய்ந்து இடைவெளி பெருகினால், எஞ்சின் எவ்வளவு நன்றாயிருந்தும் அவ்வண்டி வளைவுகளில் நெளியும். இன்றும் அவ்வண்டியை வைத்திருப்போர் ஆட்டம் கண்டால் முதலிற் பார்ப்பனவற்றுள் அந்த இடைவெளியும் ஒன்று.

நம்மவர் எஞ்சினைக் காப்பாற்றுவதில் வல்லவர். 1990களிற் பெற்றோல் கிடையாத நாளில், சில துளி பெற்றோலை ஊற்றி உயிர்கொடுத்து, மண்ணெண்ணெயிலே வண்டி ஓட்டிய ஊர் இது. கரி பிடித்த பிளக்கைக் கழற்றித் துடைக்கத் தெரியாத இளைஞன் அன்று இல்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய வண்டிகளுக்கு மீண்டும் மதிப்பு வந்தது. அப்போதும் விலை பேசியோர் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே விலை பேசினர். சத்தமிடாத புஷ்ஷை எவரும் கேட்கவில்லை.

நண்பரின் வண்டியில் அப்புஷ்களுக்குக் கிறீஸ் ஏற்றச் சிறு வாய் ஒன்று உண்டு. அதனைத் தேடினோம். காணவில்லை. கத்தியாற் சுரண்டியபோது கறுப்பு வர்ணத்தின் கீழே வெளிப்பட்டது. வர்ணம் யார் பூசியது என்று கேட்டோம். “நான்தான். பேர்த்தி முதலாம் வகுப்புக்குப் போன வரியம். அவளை ஏத்திக்கொண்டு போகேக்கை வடிவா இருக்க வேணுமெண்டு” என்றார். அதன் பின்னர் அவ்வாயில் ஒரு துளி கிறீசும் ஏறியதில்லை. அவர் மேலும் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் தேநீர் குடிப்பதில் ஈடுபட்டோம்.

ஊசியைக் கழற்றிய மாலை, பேர்த்தி வகுப்பு முடிந்து வந்தாள். பள்ளி ஆய்வுகூடத்தில் நுண்மானித் திருகுக்கணிச்சி பிடித்துப் பழகியவள். எம்மிடமிருந்த பழைய கணிச்சியைக் கொடுத்ததும், முதலிற் பூச்சிய வழுவைப் பார்த்தாள். நாம் பார்க்கச் சொல்லவில்லை. ஊசியின் நடுவை அளந்தாள், முனையை அளந்தாள். ஒரு முனை 0.3 மில்லிமீற்றர் மெலிந்திருந்தது. புஷ்ஷை மட்டும் மாற்றினாற் போதாது, ஊசியையும் மாற்ற வேண்டும் என்பதை அவளே சொன்னாள். கடைசற் பட்டறையிற் புதிய ஊசியும், அதற்குப் பொருந்த வெண்கலப் புஷ்களும் கடைந்து கொடுத்தனர். கூலி, முதற் பட்டறையில் நண்பர் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அடக்கும் கருவியை வாங்க வேண்டாம் என்று தடுத்தோம். அக்கருவி தன்னளவில் தீயதன்று. விரைந்த வண்டிகளிற் செய்தோரே பூட்டுகின்றனர். ஆனால் தேய்ந்த புஷ்ஷுக்கு அதனை மருந்தாகப் பூட்டுவது, காய்ச்சற்காரனின் வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பாகும்.

பழுது பார்க்கும்வரை ஆளை ஏற்றுவதில்லை என்று நண்பரிடம் உறுதி வாங்கியிருந்தோம். மூன்று சனிக்கிழமைகள் பேர்த்தி பேருந்திற் சென்றாள். ஆட்டம் கண்ட வண்டியைத் தனியே ஓட்டுவதும் துணிகரமே. பிறரை ஏற்றுவது நாம் ஒப்பாத செயல். பின்னிருப்பவருக்குப் பிடிக்கக் கைபிடி இல்லை. முன்னிருப்பவரின் சட்டை மட்டுமே உண்டு.

சுமையைக் குறித்தும் ஒரு சொல் சொல்லிவிடுகிறோம். புஷ்ஷும் ரயரும் புதியனவாயிருக்கும் வண்டியையும் நெளிய வைக்கலாம்: பின்சில்லின் அச்சுக்கும் பின்னே நீண்ட காரியரில், உயரத்தில், பாரத்தைக் கட்டினாற் போதும். 12.5 கிலோ எரிவாயு உருளையைக் குறுக்கே வைத்துக் கயிற்றாற் கட்டிச் செல்வோரை வீதியெங்கும் காண்கிறோம். உருளையின் இரும்பு நிறை அதற்கு வேறு. பாரத்தை முன்னோக்கியும் தாழ்வாகவும் அசையாமலும் கட்டுதல் வேண்டும். மெதுவாகச் செல்லுதல் வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் பிடித்தால்? முன்பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கலாகாது. கைபிடியோடு மல்லுக்கட்டலாகாது. முழங்கால்களாற் தாங்கியை அணைத்து, உடலை முன்னே தாழ்த்தி, விசையை மெல்ல மெல்லக் குறைத்தால் வேகம் தணிய ஆட்டமும் தணியும். நண்பர் அன்று இதனையே செய்திருந்தார், அறியாமலே. பயந்து பிரேக்கை அழுத்தியிருந்தாற் கதை வேறு.

புதிய புஷ்கள் ஏறியபின் நண்பர் முதலில் தனியே சென்றுவந்தார். பின்னர் எம்மை ஏற்றினார். காற்றில்லாத ஒரு காலையும், காற்றுள்ள ஒரு மாலையும் வல்லைவெளியைக் கடந்தோம். மாலைக் காற்று வண்டியைத் தள்ளத்தான் செய்தது. வண்டி ஒருமுறை சாய்ந்து, ஒருமுறையிலேயே நிமிர்ந்தது. நூலை மீண்டும் பிடித்து மும்முறை அளந்தார். மூன்று விடையும் ஒன்றாயிருந்தன. அத்தாளை அவர் இன்னும் வைத்திருக்கிறார்.

இப்பொழுது சனிக்கிழமை காலைகளில், புறப்படுமுன், பேர்த்தியே காற்றை அளக்கிறாள். பின்சில்லைப் பிடித்து இருபுறமும் தள்ளிப் பார்க்கிறாள். அதன் பின்னரே ஏறுகிறாள். சென்ற கிழமை நாம் அங்கு சென்றிருந்தபோது, படலையருகே நிறுத்தியிருந்த எமது வண்டியின் பின்சில்லையும் அவ்வாறே தள்ளிப் பார்த்தாள்.

“ஐயா, இதிலையும் கொஞ்சம் ஆடுது” என்றாள்.

குனிந்து பார்த்தோம். ஆடிற்று.